பேஷன் ஃப்ரூட் கொடி பூக்கிறது, ஏன் காய்க்கவில்லை?

பந்தல் முழுக்கப் பூத்துக் கொட்டும், ஒரு காய்கூடப் பிடிக்காது. உரம் போதவில்லை என்று அள்ளிப் போடாதீர்கள், முதலில் எந்த ரகம் என்று பாருங்கள். ஊதா ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். மஞ்சள் ரகத்துக்கு வேறு விதையிலிருந்து வந்த இன்னொரு கொடி பக்கத்தில் வேண்டும். அதே கொடியின் பதியனை நட்டால் பிரயோஜனமே இல்லை.

மஞ்சள் ரகத்தின் பூ நண்பகல் வாக்கில்தான் விரியும், ஒரு நாள்தான் இருக்கும். உற்றுப் பாருங்கள்: ஐந்து மகரந்தப் பைகள் கீழ்நோக்கித் தொங்கும், அவற்றுக்கு மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும், பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் அவை மெல்ல வளைந்து கீழே இறங்கும், அப்போது பெரிய கருவண்டு தேன் குடிக்க வந்தால் அதன் முதுகில் ஒட்டிய மகரந்தம் சரியாக அங்கே படும். என்ன ஒரு அமைப்பு! சின்னத் தேனீயின் உயரத்துக்கு இது எட்டாது. வண்டே வராத இடமா, சரி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து மற்றக் கொடியின் சூல்முடிகளில் தடவுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

அப்புறம், புதுத் தளிரில்தான் பூ வரும், அதனால் காய்ப்பு முடிந்ததும் தைரியமாகக் கவாத்து செய்யுங்கள். பூவிலிருந்து பழத்துக்கு 60 முதல் 80 நாள் வரை ஆகும். பறிக்க வேண்டாம், பழுத்தால் தானே விழும்.