ராகுகாலம் பார்க்க மைக் எதற்கு?

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டிப் பொள்ளாச்சி போகிறவரை நம் அலைபேசி கோபுரம் விட்டுக் கோபுரம் தாவிக்கொண்டே இருக்கிறது. நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்தால்தான் அழைப்பு வந்து சேரும். அதை நான் குறை சொல்லவில்லை.

என் கோபம் செயலிகளின்மேல். நேற்று சித்தியின் அலைபேசியைத் திறந்து பார்த்தேன். நாள்காட்டிச் செயலி ஒன்று மைக், தொடர்பு எண்கள், இருப்பிடம் என மூன்றுக்கும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. ராகுகாலம் சொல்வதற்கு இதெல்லாம் எதற்கு? "கேட்டது, அமுக்கிவிட்டேன் கண்ணு" என்றார் சித்தி. அவர்மேல் தப்பே இல்லை. அப்படி அமுக்க வைப்பதுதான் செயலிக்காரர்களுடைய தொழில். 2013இல் அமெரிக்காவில் ஒரு டார்ச் செயலி இருப்பிட விவரத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து, அரசு ஆணையத்திடம் மாட்டிக்கொண்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை சித்தியின் கைக்கும் வந்து சேர வேண்டாமா?

அமைப்புகளுக்குள் போய் 'அனுமதி மேலாளர்' பகுதியைத் திறந்து பாருங்கள். மைக்கை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். தேவையில்லாததை மறுத்துவிடுங்கள். வரைபடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே போதும். ஆண்ட்ராய்டு 12, அதற்குப் பிந்தைய அலைபேசிகளில் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் மைக்கோ கேமராவோ ஓடுகிறது என்று பொருள்.

எங்கள் தெரு அத்தைமார் ஞாயிறு மாலை அலைபேசியோடு வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.