பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று நம்பி ஐந்து நாட்களைத் தொலைத்தோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் வலது கையிலிருந்து கட்டன்சாயா டம்ளர் நழுவி விழுந்தது. என்னவென்று கேட்டேன். வாய் அசைந்தது, சொல் குழறியது. பக்கத்து வீட்டில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கையும் பேச்சும் பழையபடி வந்துவிட்டன. "உறக்கம் இல்லை மக்ளே, அவ்வளவுதான்" என்றார். நானும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தத் தவறை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிளினிக்கில், "எழுபத்தொரு வயதில் இதெல்லாம் வரும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நானே வற்புறுத்தித் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தேன். ரத்தக்கசிவு இல்லை என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். கை, பேச்சு தடுமாறி உடனே சரியானால் அது பெரும்பாலும் தற்காலிகப் பக்கவாதம், அதாவது மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் அடைபட்டு விடுபடுவது. பெரிய அடைப்பு வரும் ஆபத்து முதல் 2 நாட்களில்தான் மிக அதிகம். அந்த 2 நாட்களையும் நான் தூங்கிக் கழித்திருக்கிறேன்.

புதன்கிழமை திருவனந்தபுரம் கிளம்பினோம். களியக்காவிளையில் பஸ் மாறி, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி தம்பானூரில் இறங்கும்போதே மணி பத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லெட்டர் இல்லாதெ பற்றில்ல." பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். நான் கொண்டுபோனது ஸ்கேன் அறிக்கையின் தாள் மட்டும், படம் இருக்கும் சிடி வட்டு வீட்டில். அதுவும் ஒரு குறை. திரும்பி வந்தோம். வியாழக்கிழமை கடிதத்துக்காக மாலைவரை காத்திருந்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை அதே கவுன்டர், அதே முகம். கடிதத்தில் முத்திரை இல்லை என்றார்.

நான் குரலை உயர்த்திவிட்டேன். அவ்வழியே போன ஒரு நர்ஸ் சேச்சி நின்று, என்ன நடந்தது என்று அப்பாவிடமே கேட்டார். கை நழுவியதைச் சொன்னதும், "ஒரு வாரத்துக்குள் வந்த கேஸ், ஓ.பி. வரிசையில் ஏன் நிற்கிறீர்கள்? காஷுவாலிட்டிக்கு, அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கே கடிதம் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்றார். அரை மணி நேரத்தில் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். இதை யாராவது புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். கை திரும்பச் சரியாகாமல் அப்படியே விழுந்திருந்தால் இன்னும் அவசரம்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

கழுத்தில் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தை ஒலியால் அளக்கும் டாப்ளர் கருவியை நகர்த்தியபோது, வலப்பக்கம் சீராகக் கேட்ட ஒலி இடப்பக்கம் சீறியது. குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கிறது என்று டாக்டர் காட்டினார். நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்று கணக்காம். அப்பாவுக்கு 260. போன மாதம் இடது கண்ணில் திரை இறங்கியதுபோலச் சில நிமிடம் மறைத்தது என்று அப்பா அப்போதுதான் சொன்னார். புரை என்று நினைத்தாராம். அதுவும் இதே குழாயின் வேலைதான்.

அவருடைய ரத்த அழுத்தம் 168/70. மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்கி இருப்பது விறைத்த தமனியின் அடையாளம் என்றார் டாக்டர். இளமையில் இதயத் துடிப்புக்கு விரிந்து கொடுத்து அதன் அடியை வாங்கிக்கொள்ளும் குழாய், வயதில் மீள்நார்கள் அறுந்து இறுகிப்போகிறது. அடி நேராக மூளையின் மெல்லிய நாளங்களில் விழுகிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடல் எடுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.

ஒரு எச்சரிக்கை. பிரஷர் அதிகம் என்று உறவினர் சொல்கேட்டு, அப்பா வியாழக்கிழமை இரவு மாத்திரையை இரட்டிப்பாக்கி விழுங்கியிருந்தார். டாக்டர் கடுமையாகக் கடிந்துகொண்டார். அடைத்த குழாய்க்கு அப்பால் ரத்தம் போய்ச்சேர அந்த அழுத்தம் தேவைப்படும், சட்டென்று இறக்கினால் மூளை பட்டினி கிடக்கும் என்றார். டாக்டர் சொல்லாமல் அளவை மாற்றாதீர்கள்.

ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ, இன்ஷூரன்ஸ் எல்லாம் தடையின்றி முடிந்தன. கழுத்துக் குழாயைத் திறந்து அடைத்த படிவை எடுக்கும் அறுவை சிகிச்சையை முதல் அறிகுறியிலிருந்து 2 வாரத்துக்குள் செய்வதே நல்லது. எங்களுக்கு 11-ஆம் நாள் நடந்தது. எடுத்த படிவை ஒரு சிறு குப்பியில் காட்டினார்கள். மஞ்சள் நிறம், விரல்கணு நீளம். நாற்பது வருடம் ரப்பர் வெட்டிய அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால்" என்றார். குரல் குழறவில்லை. நான் வராந்தாவில் போய் அழுதேன்.

அடுத்த டாப்ளருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சீட்டு, சிடி, பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரே உறையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிட்டேன்.