வெளிவராத யூரோக்கள்

என் நாணயப் பெட்டியில் டென்மார்க்கின் பெயர் பொறித்த யூரோ நாணயத் தொகுதி ஒன்று இருக்கிறது. டென்மார்க்கோ இன்றுவரை ஒரு யூரோ நாணயத்தைக்கூட வெளியிட்டதில்லை. 2000 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் டென்மார்க்கில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினரும், 2003 செப்டம்பரில் சுவீடனில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் யூரோ வேண்டாமென வாக்களித்ததால், அவ்விரு நாடுகளும் தத்தம் பழைய நாணயத்தையே வைத்துக்கொண்டன. சேகரிப்பாளர்களின் ஆவல் மட்டும் அடங்கவில்லை. அதை நன்கு அறிந்த தனியார் தயாரிப்பாளர்கள், 1 சென்ட் முதல் 2 யூரோ வரையான எட்டு மதிப்புகளையும் அசலை ஒத்த தோற்றத்தில் அடித்து, 'மாதிரி' எனப் பொருள்படும் 'எஸ்ஸே', 'ப்ரோபெ' போன்ற சொற்களைப் பொறித்து விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சேராத சுவிட்சர்லாந்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

2004 டிசம்பரில் ஒன்றியம் இயற்றிய ஒழுங்குவிதி, யூரோ நாணயங்களை ஒத்த பதக்கங்களையும் வில்லைகளையும் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. எந்த அரசும் வெளியிடாத இவற்றை நாணயம் என்பதைவிடப் பதக்கம் என்பதே சரி. ஆகவே, "அரிய அரசு வெளியீடு" என்று யாரேனும் விலையை ஏற்றினால் நம்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை நம்பினேன்.