மனநல வார்டில் அடி வாங்கிய பிறகு

மனநல வார்டில் நர்ஸ் அடி வாங்கினால் பெரும்பாலும் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. "இந்த வார்டுன்னா அப்படித்தான் சிஸ்டர்" என்று சீனியர்களே சொல்லிவிடுவார்கள். எனக்கு அடி விழுந்தபோது அதை முழுக்க எழுத்தில் கொண்டுவந்தேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

மாலை மாத்திரை கொடுக்கும் நேரம். ஆண்கள் வார்டில் நானும் ஓர் அட்டெண்டரும் மட்டும்தான். அவரும் ஒரு பெரியவரைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பியிடம் மாத்திரையை நீட்டினேன். "விஷம்" என்று தட்டிவிட்டு, விரித்த கையால் என் இடது காதில் அறைந்தார். காதுக்குள் கொய்யென்று ஒரே இரைச்சல். முதலில் ஓடி வந்து என்னை ஓரமாக இழுத்து நிறுத்தியது அதே வார்டு நோயாளிகள் இரண்டு பேர். இதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. மனநோய் உள்ளவர்கள் என்றாலே அடிப்பவர்கள் என்ற எண்ணம் வெளியில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து பொறுப்பை ஏற்றதும் நேராகக் கேஷுவாலிட்டி போனேன். ஏ.ஆர். என்பது அடிபட்டு வருபவர்களின் காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு. "ஏ.ஆர். எல்லாம் எதுக்கு, வீணா போலீஸ் வரைக்கும் போகும்" என்றார்கள். போட்டே ஆக வேண்டும் என்று நின்றேன். 'தெரிந்த நபர் கையால் இடது காதில் அடித்ததாக' என்று நேரத்தோடு பதிவானது. காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறையில் சின்னக் கிழிசல், தானாகவே மூடிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் போகக்கூடாது என்றார். வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துத்தான் தலைக்குக் குளித்தேன். நன்றாக ஆறிவிட்டது.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்பதுதான் பெரிய குழப்பமாக இருந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது. விடக்கூடாது என்று தோழிகள் சொன்னார்கள். புகார் கொடுப்பது நர்ஸின் உரிமை, வேண்டாம் என்று யாரும் நெருக்கக் கூடாது. ஆனால் அந்தத் தம்பி அடித்தது, அவர் பார்வையில் விஷம் கொடுக்க வந்த ஒருத்தியை. மனநலப் பாதிப்பால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாதவர் செய்வது குற்றமாகாது என்று நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் சொல்கிறது. நான் புகார் கொடுக்கவில்லை. என் கோபம் அவர் மேல் இல்லை, மாலை நேரத்தில் அத்தனை கட்டிலுக்கு ஒரே நர்ஸைப் போட்டிருந்த ஏற்பாட்டின் மேல்தான்.

அன்று இரவே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக 'நோயாளி திடீரென ஆக்ரோஷமாகி நர்ஸைத் தாக்கினார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதை வைத்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. நான் காலையிலிருந்து தொடங்கினேன். அந்தத் தம்பி மதியச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து உடனே எழுந்துகொண்டார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். "காலுக்குள்ள என்னமோ ஓடுதுக்கா" என்றார். கேஸ் ஷீட்டில் சிதறிக் கிடந்த இதையெல்லாம் நேர வாரியாக ஒரே தாளில் சேர்த்தேன். யார் எங்கே நின்றார்கள், கதவு எந்தப் பக்கம், அட்டெண்டர் எங்கே போயிருந்தார் என்பதும் அதில் இருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் அந்தத் தாளை நின்று படித்தார். சேர்ந்ததிலிருந்து அந்தத் தம்பிக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து ஊசியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மருந்தால் சிலருக்கு அகதீசியா வரும். உள்ளுக்குள் தாங்க முடியாத தவிப்பு, ஓரிடத்தில் இருக்கவே முடியாது. பார்க்கிறவர்களுக்கு நோய் முற்றுவதுபோலத் தெரியும், அதனால் அதே மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு. இவருக்கு மருந்தைக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றி, அந்தத் தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரனலால் மாத்திரையும் சேர்த்தார்கள். அடுத்த வாரம் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். பயம் அவருக்கு உடனே போகவில்லை, அது மெல்லத்தான் குறைந்தது.

அடித்த அன்று அவரைக் கட்டிலில் துணியால் கட்ட வேண்டியிருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு இதில் கறாராக இருக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்று சொல்லியும் கட்டக் கூடாது. 2001இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைத்தால், இந்தச் சட்டம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். யார் உத்தரவு, ஏன், எப்போது கட்டினோம், எப்போது அவிழ்த்தோம் என்று எல்லாம் எழுதினோம். விரல் நிறமும் நாடியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிகிச்சை விஷயங்களில் தனக்குத் துணையாக இருக்க அந்தத் தம்பி சட்டப்படி நியமித்த பிரதிநிதி அவருடைய அம்மா. 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் அன்றே போன் போட்டோம். அவர் அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "உங்க பையன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா" என்றேன்.

காது ஆறும்வரை லீவு. திரும்பி வந்தபின் சில நாட்கள் பெண்கள் வார்டில் டூட்டி கேட்டு வாங்கினேன். யாராவது பின்னால் நடந்து வந்தாலே உடம்பு சிலிர்க்கும். அதையும் டாக்டரிடம் சொன்னேன், பேசப் பேசச் சரியானது. நமக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

ரிப்போர்ட்டோடு மூன்று கோரிக்கைகள் வைத்திருந்தேன். மாத்திரை ரவுண்டுக்கு இரண்டு பேர் என்பது இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. மருந்து டிராலியைக் கதவுப் பக்கம் நிறுத்தவும் சம்மதித்தார்கள். வார்டில் அவசர மணி வைப்பது மட்டும் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. நினைவூட்டுக் கடிதம் கொடுக்கும்போதெல்லாம் நகலில் சீல் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன்.