நெளிதகட்டை வளைத்த கதை: 1:35 அளவில் ஒரு நிஸ்ஸன் குடில்

மூன்று முறை கசங்கிப் போன அலுமினியத் தகடு, நான்காவது முயற்சியில் சென்ற ஞாயிற்றுக்கிழமை, அச்சிலிருந்து எடுத்த பிறகும் வளைவு கெடாமல் அப்படியே நின்றது. ஒன்பது நெளிகளும் வரிசை பிசகாமல் வில்போல் வளைந்திருந்த அந்தத் துண்டு ஒரு விரல் அகலம்தான். ஆனால் இரண்டு மாதங்களாக இந்த டயோரமாவை (அசலில் 35-இல் ஒரு பங்கு அளவில் செய்யும் முப்பரிமாணக் காட்சியை) நகரவிடாமல் வைத்திருந்தது அதுதான் என்பதால், இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

செய்துகொண்டிருப்பது, 1943-44 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருந்த ஒரு குண்டுவீச்சுப் படைத் தளத்தில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானக் குழுவினர் தங்கிய குடிலின் உட்புறம். விமானத்தின் மாதிரியைச் செய்தவர்கள் நம்மில் ஏராளம். அதை ஓட்டியவர்கள் எங்கே உறங்கினார்கள் என்பதைச் செய்தவர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். போருக்கு முன் கட்டப்பட்ட ஸ்காம்ப்டன், வாடிங்டன் போன்ற தளங்களில் செங்கல் கட்டடங்கள் இருந்தன. போர்க்காலத்தில் அவசரமாக எழுந்த ஃபிஸ்கர்டன், பார்ட்னி போன்ற தளங்களிலோ தகரக் குடில்கள்தான். 49-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) 1943 ஜனவரியில் ஸ்காம்ப்டனிலிருந்து ஃபிஸ்கர்டனுக்கும், 9-ஆம் ஸ்குவாட்ரன் அதே ஆண்டு ஏப்ரலில் வாடிங்டனிலிருந்து பார்ட்னிக்கும் இடம் மாறின. செங்கல் சுவர்களுக்குள் இருந்தவர்கள் ஒரே நாளில் தகரத்துக்குள் வந்து சேர்ந்த அந்தக் குளிரைத்தான் 14 சென்டிமீட்டர் அகலத்துக்குள் காட்ட முயல்கிறேன்.

நிஸ்ஸன் குடிலின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1916-இல் பிரிட்டிஷ் ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்த மேஜர் பீட்டர் நார்மன் நிஸ்ஸன் வடிவமைத்த இந்தக் குடிலை, ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். எனக்கு இரண்டு மாதத்தில் கால்வாசிகூட எழவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். டி வடிவ இரும்பு விலாக்கள் ஆறடிக்கு ஒன்றாக நிற்கும். அவற்றின்மேல் வெளித் தகடு, உட்பக்கம் இன்னொரு தகடு. என்னைப் படுத்தியது இந்த இரண்டு தகடுகளுக்கும் இடையிலான வேறுபாடு. உட்தகட்டின் நெளிகள் குடிலின் நீளவாக்கில் ஓடுவதால், பாயைச் சுருட்டுவதுபோல் அது எளிதாக வளைந்துவிடும். வெளித் தகட்டின் நெளிகளோ வளைவின் போக்கிலேயே தரையிலிருந்து முகடு வரை ஏறுகின்றன. நெளிதகட்டுக்கு வலிமை தருவதே அந்தத் திசைதான் என்பதால், அந்தத் திசையில் வளைக்கப் போனால் அது வளையாது, மடங்கும். ஆலைகளில் இதை உருளைகளுக்கு இடையே விட்டு வளைத்தார்கள். என் மேசையில் இருந்ததோ மை தீர்ந்த ஒரு பால்பாயிண்ட் பேனா.

முதல் முயற்சி சமையலறை அலுமினியத் தாளில். நெளி அழகாக விழுந்தது, கைபட்டதும் மறைந்தது. இரண்டாவது முயற்சிக்குச் சாப்பாட்டுக் கடையில் குழம்பு கட்டித் தரும் அலுமினிய டப்பாவின் அடித்தகட்டை எடுத்து, தட்டையாக வைத்தே நெளி போட்டு, பிறகு வளைத்தேன். ஒவ்வொரு முகடும் மூன்று இடங்களில் நசுங்கியது. மூன்றாவது முயற்சியில் தகட்டைச் சூடாக்கி மென்மையாக்கிப் பார்த்தேன். சோப்பைத் தடவி, அது கருக்கும்வரை அடுப்பில் காட்டும் பழைய வழிதான். இவ்வளவு மெல்லிய தகட்டில் கருப்பதற்கும் உருகுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரமே இருப்பதால், இரண்டு துண்டுகள் சொட்டாகி விழுந்தன. மிஞ்சியவை முன்பைவிட நளினமாக நசுங்கின, அவ்வளவுதான்.

நெளியையும் வளைவையும் தனித்தனியாகச் செய்ய முயன்றதுதான் தவறு என்று அப்போதுதான் உறைத்தது. வளைந்த அச்சின்மேலேயே நெளியை ஏற்றினால், வளைக்க வேண்டிய தேவையே இல்லை. 16 அடிக் குடிலின் அகலம் 1:35 அளவில் 139 மில்லிமீட்டர். நம் ஊர் பிவிசி குழாயில் 140 மில்லிமீட்டர் என்றே ஓர் அளவு உண்டு. நெளிகளின் இடைவெளி அசலில் 3 அங்குலம், நமக்கு 2.18 மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடையில் 14 கேஜ் தாமிரக் கம்பி வாங்கினேன். மேல்பூச்சோடு சேர்த்து அளந்தால் 2.1-க்குச் சற்று மேல். அதைக் குழாயைச் சுற்றி, இடைவெளியின்றி, ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி, இரு முனைகளிலும் துளையிட்டு இறுக்கினால் அச்சு தயார். கம்பி திருகுச் சுழலாக ஏறுவதால் நெளி சாயாதா என்று கணக்குக்காரர்கள் கேட்பார்கள். அரைச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் சாயும். ஆனால் அசலில் வளைவு முழுவதையும் மூன்று தகடுகள்தான் மூடின என்பதால், ஒவ்வொரு துண்டிலும் வரும் சாய்வு அதில் மூன்றில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது.

தகட்டை அச்சின்மேல் வைத்து, கம்பிகளுக்கு இடையிலான பள்ளங்களில் பேனா முனையால் தேய்க்க வேண்டும். தேய்க்கும் முறையில்தான் சூட்சுமம். அசல் தகட்டின் அகலம் 2 அடி 2 அங்குலம், நமக்கு 19 மில்லிமீட்டர். ஆனால் 19 மில்லிமீட்டர் துண்டை வைத்துத் தேய்த்தால், ஒவ்வொரு நெளியும் தகட்டை உள்ளே இழுத்து, கடைசியில் ஆறு நெளிதான் மிஞ்சும். ஆகவே 25 மில்லிமீட்டருக்கு வெட்டி, நடு நெளியில் தொடங்கி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளிநோக்கி வர வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் தகடு கிழியும். முதல் ஓட்டத்தில் அழுத்தவே கூடாது. பேனா முனை தன் எடையிலேயே வழுக்கிச் செல்ல வேண்டும். மூன்றாவது ஓட்டத்தில்தான் பள்ளத்துக்குள் இறங்கலாம். ஒரு துண்டுக்கு எனக்கு இருபது நிமிடம் பிடிக்கிறது. கம்பியின் தடிப்பால் அச்சின் விட்டம் 144 மில்லிமீட்டராகிவிட்டதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், அது எனக்கும் தெரியும். எடுத்த பிறகு கையால் மெல்ல ஒடுக்கிக்கொள்ளலாம், அந்த அளவுக்கு நெளி தாங்குகிறது. இன்னொன்று: அசல் குடில் துல்லியமான அரைவட்டம் அல்ல, தரைக்கருகே சற்று உள்வாங்கும். பலரின் மாதிரிகளில் இது விடுபட்டுப் போவதால், குடில் கவிழ்த்த தொட்டிபோல் தெரிகிறது.

உட்தகட்டின் மீது வேறொரு வேலை இருந்தது. ஒற்றை அடுப்பு உள்ள தகரக் குடிலில் பத்துப் பதினான்கு பேர் மூச்சுவிட்டு உறங்கினால், அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்து வழியும்; போர்வைகள் எப்போதும் ஈரவாடை அடித்துக்கொண்டிருந்தன. இதைக் காட்ட வெளிர் கிரீம் வண்ணத்தின் மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லிய கோடுகளாக இழுத்தேன். அன்று சென்னையில் அடைமழை. காற்றின் ஈரத்தை இழுத்து வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. லிங்கன்ஷயர் ஈரத்தைக் காட்டப் போய் வேளச்சேரி ஈரத்தைக் காட்டியதுதான் மிச்சம். வெயில் வந்த பிறகு சுரண்டிவிட்டு மீண்டும் செய்தேன்.

கட்டில்கள் ஆறு. ஆறே கால் அடி நீளத்துக்கு 54 மில்லிமீட்டர் ஆகிறது. இருபுறமும் சுவரில் தலைவைத்து எதிரெதிராகப் போட்டால், நடுவில் 31 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. அசலில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அடுப்பும், அதற்கான கோக் (நிலக்கரியிலிருந்து செய்யும் எரிபொருள்) வாளியும், காய வைத்த காலுறைகளும், ஆட்களின் நடமாட்டமும் அந்த ஒரு மீட்டருக்குள்தான். கோக் ஒதுக்கீடு எப்போதும் போதாததால், கிடைத்த மரத்தையெல்லாம் அடுப்பில் போட்டார்கள்; ஆகவே உடைத்த பெட்டிப் பலகைகளை அடுப்பருகே அடுக்கியிருக்கிறேன். மெத்தைக்குப் பதில் அவர்களுக்குத் தரப்பட்டவை, பிஸ்கட் என்று அவர்களே அழைத்த மூன்று சதுரத் திண்டுகள். இரவில் வரிசையாகப் பரப்பிப் படுத்தால் இடைவெளிகளில் குளிர் ஏறும். காலையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போர்வையை மடித்து மேலே வைக்க வேண்டும். எம்-சீலைச் சதுரமாகத் தட்டி, ஓரங்களை ஊசியால் தைத்ததுபோல் குத்தினால் பிஸ்கட் அச்சு அசலாக வருகிறது.

இந்தக் காட்சியில் நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தப் பிஸ்கட்டுகளில்தான் இருக்கிறது. இடப்பக்க மூன்று கட்டில்களில் பிஸ்கட்டுகள் பரப்பியே கிடக்கின்றன. போர்வைக்கு மேல் கனத்த மேலங்கிகளும் போர்த்தப்பட்டுள்ளன. வலப்பக்க மூன்று கட்டில்களில் பிஸ்கட்டுகள் அடுக்கப்பட்டு, அலமாரிகள் காலியாக, சுவரில் படம் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கின்றது. முந்தைய இரவு திரும்பாத குழுவின் உடைமைகளை அதற்கென இருந்த அலுவலர்கள் வந்து கணக்கெடுத்து எடுத்துச் சென்றுவிடுவார்கள்; புதிய குழு விரைவிலேயே அதே கட்டில்களுக்கு வந்துவிடும். ஓய்வு கிடைக்கும் முன் முடிக்க வேண்டிய ஒரு சுற்றுப் பணிக்கு 30 தாக்குதல் பறப்புகள் என்று கணக்கு. குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,000-க்கும் அதிகமானோர் போரில் இறந்தார்கள். படத்தின் தடத்தை வண்ணத்தால் வரையவில்லை. சிறு காகிதச் சதுரத்தை ஒட்டி, சுற்றிலும் புகைக்கறையை ஏர்பிரஷ் செய்து, பிறகு காகிதத்தை உரித்தேன்.

உருவங்கள் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் விமானக் குழு உருவங்கள் 1:48-இலும் 1:32-இலும் கிடைக்கின்றன. 1:35 டாங்கி மாதிரிகள் செய்பவர்களின் உலகம். கட்டில், வாளி, மிதிவண்டி ஆகியவை இந்த அளவில் எளிதாகக் கிடைக்கும் என்று நம்பித்தான் 1:35-ஐத் தேர்ந்தேன். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் வாங்கிய மிதிவண்டித் தொகுப்பு ஐந்து வாரம் கழித்து, சுங்கவரியோடு, ஒரு சக்கரம் குறைவாக வந்து சேர்ந்தது. மிதிவண்டி இல்லாமல் இந்தக் காட்சி முழுமையாகாது: எதிரியின் குண்டுக்கு எல்லாம் ஒரே இடத்தில் இரையாகிவிடக் கூடாது என்று தங்குமிடங்களை ஓடுதளத்திலிருந்து தள்ளி, சிதறலாகக் கட்டியதால், உணவகத்துக்கும் குளியலறைக்கும்கூட சேற்றில் மிதித்துத்தான் போக வேண்டியிருந்தது. குறைந்த சக்கரத்தைச் சேற்றுக்குள் புதைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அடுத்த திட்டமும் மனத்தில் ஓடுகிறது: பறந்து திரும்பியவர்களுக்குப் பொரித்த முட்டையும் பன்றி இறைச்சியும் பரிமாறப்பட்ட உணவகம். வெளியே பொதுமக்களுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், அந்த முட்டை பறப்பவர்களுக்கான தனிச் சலுகை. 1:35-இல் பொரித்த முட்டைக்கு வெள்ளை வண்ணத்தில் பசை கலந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது. ஆனால் இப்போது அதைத் தொடக்கூடாது. கூரையின் ஒரு பக்கத்தைத் திறந்தே விடுவதால் 24 வெளித் தகடுகள் போதும், முடிந்தவை 9. புகைக்குழாய் ஏறும் துளையைத் தகட்டை ஒட்டும் முன் வெட்டுவதா, ஒட்டிய பின் வெட்டுவதா என்பது இன்னும் தீரவில்லை. முன்பே வெட்டிய ஒரு துண்டு தேய்க்கும்போது துளையிலிருந்து கிழிந்தது. மீதி 15-க்குப் பெரிய அளவு அலுமினிய டப்பாக்கள் வேண்டும் என்பதால், இந்த வாரமும் வீட்டில் கடைச் சாப்பாடுதான்.