வீட்டைக் கடக்கும் வரைதான் கச்சேரி

கும்பகோணம் பக்கம் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர்பவனி, பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் போவோம். எங்களுக்கென்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிற ரசிகர் கிடையாது. நாங்கள் ஒரு வீட்டைக் கடக்கிற நேரம்தான் அந்த வீட்டுக்காரருக்குக் கச்சேரி. சினிமாப் பாட்டின் நீளமான முன்னிசையை அப்படியே வாசித்தால், பல்லவி வருவதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்போம். அதனால் முன்னிசையை வெட்டிவிட்டு நேராகப் பல்லவியில் இறங்குவோம்.

நடக்கும்போது தாளம், நிற்கும்போது ராகம். இதை நாதஸ்வரக்காரர்களைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி என்கிற புறப்பாட்டு இசையை வாசித்துக் கிளம்புவார்கள், சந்தியில் நின்று ஆற அமர ராகம் வாசிப்பார்கள். நாங்களும் முச்சந்தி வந்தால் நின்றுவிடுவோம். நின்றாலே கூட்டம் வளைத்துக்கொள்ளும்.

செண்டை மேளமும் டிஜேயும் வந்தபிறகு எங்கள் பையன்களுக்கு ஒரே வெறி, இன்னும் பலமாக ஊத வேண்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பீக்கரோடு போட்டி போட்டு எந்த உதடு ஜெயித்திருக்கிறது? டிரம்பெட்டில் நாதம் பிறப்பதே உதட்டின் அதிர்வில்தான். ஆரம்பத்திலேயே முழு மூச்சில் ஊதினால், ஊர்வலம் பாதி போவதற்குள் மேல் ஸ்வரங்கள் பிசிறடிக்கும். ஆகவே ஒரு சரணம் முழுக்க டிரம்பெட்டை இறக்கிவிடச் சொல்வேன். கிளாரிநெட்டும், யூபோனியம் என்கிற கனத்த குரல் பித்தளைக் குழலும் மட்டும் பாடும், பெரிய டிரம் மெல்லத் தட்டும். கேட்பவர் காதுக்கும் அது ஓய்வு. மறுபடி டிரம்பெட் சேரும்போது பாருங்கள், செல்போனில் குனிந்திருந்த தலைகள் நிமிரும்.

எதை வாசிப்பது என்பதிலும் கணக்கு உண்டு. டிரம்பெட்டின் மூன்று வால்வை வைத்துக்கொண்டு தோடி ராகத்தின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற வித்தையை, துரத்துவது வீண் வேலை. அது நாதஸ்வரத்தின் சொத்து. சங்கராபரண ராகம் என்றால் எங்கள் கருவிக்குச் சொந்த வீடு மாதிரி. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேல்நாட்டு மெட்டுகளுக்கு எழுதிய நோட்டு ஸ்வரங்கள் அந்த ஸ்வர வரிசையில் அமைந்தவை. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டுத்தான். அதே காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேல்நாட்டு பேண்டே வைத்திருந்தார். பேண்டை வந்தேறி வாத்தியம் என்பவர்களிடம் இதைச் சொல்வதுண்டு. ஊர்வலத்தில் நோட்டு ஸ்வரம் எடுத்தால், பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கூடவே பாடிக்கொண்டு வரும்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் காத்திருக்கும், அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது மரியாதை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் விடமாட்டார்கள். "அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்பார்கள். ஆடப்போறது யாரு தம்பி என்று கேட்பேன். தாத்தாவா, பேரனா என்று தெரிந்துவிட்டால் பாட்டு தானாக வந்துவிடும்.