கோகோ பட்டர் சொல்லிக்கொடுத்தது: என் சாக்லேட் பேக்கிங் குறிப்புகள்

சாக்லேட் வைத்து பேக் செய்யத் தொடங்கிய காலத்தில் எனக்கு ரெசிபிதான் எல்லாம். இப்போது ஒரு ரெசிபியைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது, அதில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை. வெண்ணெயா, எண்ணெயா, சாக்லேட்டுக்குள்ளேயே இருக்கும் கோகோ பட்டரா? அது தெரிந்தால், ஓவனிலிருந்து வெளியே வரப்போவது எப்படி இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம். இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

பேக்கிங்குக்கு முன்னால் சாப்பிடக் கற்றுக்கொண்டது பெரிய உதவி. ஒரு துண்டை உடைத்து, முகர்ந்து, கடிக்காமல் நாக்கில் அப்படியே விட்டுவிட வேண்டும். மென்று விழுங்கினால் இனிப்பும் கசப்பும் மட்டும்தான் தெரியும். தானாகக் கரைய விட்டால் வாசனை மெல்ல மெல்ல வெளியே வருகிறது: ஒன்றில் உலர்ந்த பழப் புளிப்பு, இன்னொன்றில் வறுத்த பருப்பு வாசம், மற்றொன்றில் மண்வாசனை போல ஏதோ ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் இவற்றில் பெரும்பாலானவை தெரியாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் சுவைக்க வேண்டும்.

அட்டையில் 70% என்று போட்டிருந்தால், கோகோவிலிருந்து வந்தது அத்தனையும் சேர்ந்து 70 பங்கு என்று பொருள். கோகோ பட்டரும் அதில் அடக்கம். மீதி பெரும்பாலும் சர்க்கரை. ஆகவே இரண்டு 70% சாக்லேட்டுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றில் கோகோ பட்டர் கூடுதலாக இருந்தால் அது வழவழவென்று கரையும், கசப்பும் கொஞ்சம் அடங்கியிருக்கும். கொட்டையின் ரகம், அதைப் புளிக்க வைத்த விதம், வறுத்த அளவு எல்லாமே சுவையை மாற்றுகின்றன. காம்பவுண்ட் சாக்லேட் என்று விற்பதில் கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். கையாள எளிது, ஆனால் வாயில் கரைவதில் அந்தச் சுகம் கிடையாது. வெறுமனே சாப்பிடுவதற்கு நான் அதை வாங்குவதில்லை.

இந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்த கதையும் சுவாரசியமானது. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828-ல் கோகோ விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிழியும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. பிழிந்த பிறகு மிஞ்சிய கட்டியை அரைத்தால் கோகோ பவுடர். வெளியே வந்த கோகோ பட்டரை என்ன செய்வது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1847-ல் அதைக் கோகோவோடும் சர்க்கரையோடும் திரும்பச் சேர்த்து, அச்சில் ஊற்றி, கடித்துச் சாப்பிடும் சாக்லேட் கட்டியாக்கியது. கோகோ பவுடரில் பேக் செய்வதும் சாக்லேட்டில் பேக் செய்வதும் ஏன் வேறு வேறு என்று எனக்குப் பிடிபட்டது இதைப் படித்த பிறகுதான்.

சரி, பிரவுனிக்கு வருவோம். நான் அதிகமாக விளையாடிப் பார்த்தது இதில்தான். 20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கு என் அளவு: 60% டார்க் சாக்லேட் 170 கிராம், வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை மூன்று, மைதா 90 கிராம், அரை டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடர் கிடையாது. சாக்லேட்டையும் வெண்ணெயையும் டபுள் பாய்லிங்கில் (கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில்) உருக்கிக்கொண்டு, முட்டையையும் சர்க்கரையையும் தனியாக நன்றாக அடிக்க வேண்டும். சர்க்கரை முட்டையில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு நன்றாக மேலே அந்த மெல்லிய பளபளப்பான பொருக்கு வரும். 175 டிகிரியில் 25 நிமிடத்துக்கு மேல் குச்சியால் குத்திப் பார்க்க ஆரம்பிப்பேன். குச்சியில் ஈரமான துகள்கள் ஒட்ட வேண்டும். சுத்தமாக வந்தால் கேக் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இதையே கோகோ பவுடரில் மட்டும் செய்து பார்க்க ஆசை வந்தது. கணக்குப் போட்டேன். அந்த 170 கிராம் சாக்லேட்டில் ஏறக்குறைய 68 கிராம் சர்க்கரை, 65 கிராம் கோகோ பட்டர், மீதி 35 கிராம் சொச்சம் கொழுப்பில்லாத கோகோ. அதனால் சாக்லேட்டை எடுத்துவிட்டு 45 கிராம் கோகோ பவுடர், கூடுதலாக 70 கிராம் வெண்ணெய், 65 கிராம் சர்க்கரை சேர்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே. சூடாக இருந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. சாக்லேட் பிரவுனி இறுகி, வெட்டினால் கத்தி தடம் பதிகிற மாதிரி அடர்த்தியாக இருந்தது. கோகோ பிரவுனி மெத்தென்று, இழுத்தால் நீள்கிற பதத்திலேயே இருந்தது. காரணம் எளிது: கோகோ பட்டர் அறை வெப்பத்தில் கெட்டிப்படும், வெண்ணெய் அந்த அளவுக்குக் கெட்டிப்படாது. சுவையிலும் கோகோ பிரவுனி சற்றும் குறைவில்லை, சொல்லப்போனால் இன்னும் அழுத்தம். உருக்கிய சூடான வெண்ணெயில் கோகோவைக் கலந்து சில நிமிடம் ஊற விட்டதும் அதற்குக் கைகொடுத்தது. இப்போது எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. அன்றே சூடாகச் சாப்பிடுவதற்கு சாக்லேட், டப்பாவில் வைத்து நாலு நாள் சாப்பிட கோகோ.

கேக்குக்குப் போகும்போது மட்டும் கோகோ டப்பாவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண கோகோவில் அமிலம் உண்டு, பேக்கிங் சோடாவோடு சேர்ந்து வேலை செய்யும். டச் முறைக் கோகோவில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்து அந்த அமிலத்தைத் தணித்திருப்பார்கள். நிறம் கருமை, சுவை மென்மை, ஆனால் அதற்கு பேக்கிங் பவுடர்தான் பொருத்தம். பிரவுனியில் இரண்டும் ஓடும்.

உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பார்கள். ஏன் என்று பார்க்கவே சிறு கிண்ணத்தில் கொஞ்சம் உருக்கி, வேண்டுமென்றே சில சொட்டு விட்டேன். கிளறக் கிளறப் பளபளப்பு போய், மணல் மணலாகத் திரண்டுவிட்டது. சர்க்கரை டப்பாவில் ஈர ஸ்பூனைப் போட்டால் கட்டி விழுமே, அதேதான் உள்ளே நடக்கிறது. கொழுப்புக்குள் தனித்தனியாக மிதந்த சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நான் அத்தோடு விடாமல் வெந்நீரை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே போனேன். திடீரென்று கட்டி இளகி, கண்ணாடி மாதிரி ஒரு சாஸ் ஆனது! தண்ணீர் ஆபத்தில்லை, அரைகுறைத் தண்ணீர்தான் ஆபத்து. பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே திஸ் இந்தக் குணத்தை வைத்தே கிரீமும் முட்டையும் இல்லாத மூஸ் (நுரைபோல் அடித்த இனிப்பு) ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார். 100 கிராம் 70% சாக்லேட்டை 90 கிராம் தண்ணீரில் உருக்கி, ஐஸ் மேல் வைத்த கிண்ணத்தில் அடித்தேன். முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு சட்டென்று கெட்டியாகும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் சொரசொரப்பாகிவிடும். அப்படி ஆனாலும் கவலையில்லை, திரும்ப உருக்கி மறுபடி அடிக்கலாம். இதில் சாக்லேட்டின் சுவையை மறைக்க வேறெதுவும் இல்லாததால், சாப்பிடப் பிடித்த சாக்லேட்டைத்தான் போட வேண்டும்.

சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. கேக் மேல் ஊற்ற சாக்லேட்டும் கிரீமும் சம எடை, டிரஃபிள் எனும் சாக்லேட் உருண்டைகளை உருட்ட இரண்டுக்கு ஒன்று. சூடான கிரீமை ஊற்றி ஒரு நிமிடம் பொறுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிளறினால் போதும்.

இப்போது மொத்த ஆர்வமும் டெம்பரிங்கில், அதாவது சாக்லேட்டை உருக்கி, அளவாக ஆறவிட்டு, பளபளப்பாக உறைய வைப்பதில். கோகோ பட்டர் ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில், நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. வெளியே உறுதியாக இருப்பது வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 முதல் 50 டிகிரி வரை உருக்குகிறேன். மீதியைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுகிறேன். போடும் துண்டுகள் ஏற்கெனவே டெம்பர் ஆனவையாக இருக்க வேண்டும். அவற்றிலுள்ள நல்ல படிகங்கள்தான் மற்றதற்கு வித்து. தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க நான் சொல்ல மாட்டேன். கத்தி முனையில் கொஞ்சம் தொட்டு வைத்தால் சில நிமிடத்தில் பளபளப்போடு உறைய வேண்டும். அறை 20 டிகிரியை ஒட்டி இருந்தால் வேலை சுலபம். 25-ஐத் தாண்டினால் உறைவதே தள்ளிப்போகிறது.

டெம்பர் சரியாக வந்த துண்டை உடைக்கும்போது வருகிற அந்த ‘டக்’ சத்தம்! அச்சைக் கவிழ்த்தால் தட்டாமலே கழன்று விழும், ஏனென்றால் நன்றாகப் படிகமாகும்போது சாக்லேட் சற்றுச் சுருங்குகிறது.

பழைய சாக்லேட்டில் வெள்ளை படிந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. விரலால் தேய்த்தால் உருகி மறைந்தால் அது கோகோ பட்டர் மேலே வந்தது. சொரசொரவென்று அப்படியே இருந்தால், ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து திரும்பப் படிந்தது. முதல் வகையை உருக்கி மறுபடி டெம்பர் செய்யலாம். நான் இரண்டையும் பிரவுனிக்குப் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது மில்க் சாக்லேட். அதிலுள்ள பால் கொழுப்பு கோகோ பட்டரை இளக்கிவிடுவதால் 29, 30 டிகிரியில் வேலை செய்ய வேண்டும். டார்க்கில் தெளிவாகக் கேட்கும் அந்த ‘டக்’ இதில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க, ஒரே அச்சில் பாதிக்கு டார்க்கும் பாதிக்கு மில்க்கும் ஊற்றப் போகிறேன்.